படம் வரையத் தெரியாத பிள்ளை

கடந்த தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை, நம் பங்கு மன்றத்தில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமாக ஒரு திரைப்படத்தைத் திரையிட்டோம். அமீர்கான் இயக்கி 2007-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்திப் படம். கூடியிருந்தோரில் இந்தி அறியாதவரே மிகுதி. ஆதலால் இடையிடையே நிறுத்தி, கதையை நாமே தமிழில் எடுத்துரைத்தோம். படம் முடிந்தபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தனர். விளக்குகள் எரிந்தபின், நாற்காலிகளை அடுக்கும் ஓசைக்கு நடுவே, பின்வரிசையில் அமர்ந்திருந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு சில சொற்களோடு நின்றுவிட்ட பிள்ளை.

“சாமி, அந்தப் பையனுக்குப் படம் வரைய வருது. எம்பிள்ளைக்கு அதுவும் வராதே?” என்றார்.

நாம் ஏதோ சொன்னோம். கடவுள் ஒவ்வொருவரிடமும் ஒரு தாலந்தை ஒப்படைத்திருக்கிறார் என்றோம். உங்கள் பிள்ளையிடம் ஒப்படைத்தது இன்னும் வெளிப்படவில்லை, பொறுத்திருங்கள் என்றோம். “சரி சாமி” என்று சொல்லிவிட்டு அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்தார். அன்றிரவு செபமாலையின் நடுவிலேயே நமக்கு உறைத்தது: அவர் கேட்டது ஒன்று, நாம் சொன்னது வேறொன்று. அவர் தம் மகனைப்பற்றி மட்டும் கேட்கவில்லை. படத்தைப்பற்றியும் கேட்டார். கற்றறிந்த திறனாய்வாளர் பலர் அப்படத்தைப் பற்றி எழுதியவற்றை நாம் படித்ததுண்டு. அந்தத் தாயின் ஒற்றை வினா தொட்ட இடத்தை அவற்றுள் நாம் கண்டதில்லை. அவ்வினாவைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் பார்த்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

நிறைகளை முதலில் சொல்லிவிடுவதே முறை. இஷான் அவஸ்தி எட்டு வயதுச் சிறுவன். மூன்றாம் வகுப்பில் ஒருமுறை தோற்று, அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்திருப்பவன். எழுத்துகள் அவனுக்கு நிலையாக நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றாகப் புரள்கிறது. அண்ணனோ எதிலும் முதல்வன். தந்தை இவனைச் சோம்பேறி என்கிறார், ஆசிரியர்கள் அடங்காதவன் என்கின்றனர். ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் வாசிப்புக் குறைபாட்டை ஒழுக்கக்கேடாகக் கண்டு தண்டிப்பதன் கொடுமையை, பேருரை எதுவுமின்றி, ஒரு சிறுவனின் முகத்தைக்கொண்டே படம் உணர்த்துகிறது. மூன்றை ஒன்பதால் பெருக்கச் சொன்னால் அவன் மனத்தில் கோள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, கடைசியில் மூன்றாம் கோள் மட்டும் எஞ்சுகிறது. அவனும் விடையாக மூன்று என்று எழுதிவிடுகிறான். தவறான விடைக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கக்கூடும் என்பதை நாம் பார்த்த எந்தக் கல்வியியல் நூலும் இத்துணைத் தெளிவாகச் சொல்லவில்லை.

படத்தின் தலைசிறந்த காட்சி என நாம் கருதுவது வேறு. விடுதிப் பள்ளிக்குத் தற்காலிக ஓவிய ஆசிரியராக வரும் நிகும்ப், சிறுவனின் பெற்றோரைத் தேடி மும்பைக்குச் செல்கிறார். பையன் வேண்டுமென்றே படிக்க மறுக்கிறான் என்று தந்தை சாதிக்கிறார். ஆசிரியர் ஒரு விளையாட்டுப் பொருளின் பெட்டியை எடுத்து, அதில் அயல்மொழியில் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்கிறார். படிக்கத் தெரியாது என்கிறார் தந்தை. முயன்று பாருங்கள் என்று ஆசிரியர் வற்புறுத்துகிறார். முடியாதபோது, திமிர் என்று அதட்டுகிறார். மகன் நாள்தோறும் நிற்கும் இடத்தில் தந்தை ஒரு நிமிடம் நிறுத்தப்படுகிறார். திரையில் அது நிகழ்ந்தபோது நம் மன்றத்தில் இருந்த தந்தையர் சிலர் தலைகுனிந்ததைக் கண்டோம். கலை செய்யவேண்டிய பணி இதுதான்.

ஒன்றை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். இஷானின் தடுமாற்றத்தைப் படம் பெரிதும் ஆங்கில எழுத்துகள் இடவலமாகப் புரள்வதைக்கொண்டு காட்டுகிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழே வேறொரு வழியில் கடினமாகிறது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்றால் மெய்க்கு இருபுறமும் குறிகள். ‘கௌ’ என்பதன் இறுதிக் குறியோ ‘ள’ என்னும் எழுத்தைப்போலவே நிற்கிறது. லகர ளகர ழகரங்களும், நகர ணகர னகரங்களும் பேச்சில் மயங்கி, எழுத்தில் மட்டும் பிரிந்து நிற்கின்றன. இவற்றை எளிதாகக் கடந்து வந்துவிட்ட நமக்கு இவை இயல்பாகத் தோன்றுகின்றன. கடக்க இயலாத பிள்ளைக்கு அந்தத் தந்தையின் கையிலிருந்த பெட்டிதான் தமிழ்ப் பாடநூல். ‘கொம்பு போடத் தெரியாத மாடு’ என்று சொல்லிச் சிரித்த ஆசிரியரிடம் நாமும் பயின்றிருக்கிறோம். வகுப்போடு சேர்ந்து நாமும் சிரித்திருக்கிறோம்.

ஆசிரியர் நிகும்ப் செய்யும் உதவிகளும் உண்மையானவை. மணலில் விரலால் எழுதச் செய்கிறார், களிமண்ணில் எழுத்துகளை உருட்டச் செய்கிறார், படிகளில் ஏறி இறங்கவைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார். பெரிய கட்டங்களில் எழுதத் தொடங்கி மெல்ல மெல்லச் சிறிய கட்டங்களுக்குக் கொண்டுவருகிறார். தலைமை ஆசிரியரிடம் சென்று, எழுத்துத் தேர்வுக்கு மாற்றாக வாய்மொழியாக வினவி மதிப்பிட இசைவு பெறுகிறார். மணலில் எழுதுவது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி அப்படித்தான் தொடங்கியது. கண்ணால் மட்டும் பற்ற முடியாததை விரலும் தோளும் காலும் சேர்ந்து பற்றும் என்று பழைய வாத்தியார்கள் அறிந்திருந்தனர். இந்தப் பகுதியைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது என்பதே நம் முதல் குறை. ஒரு பாட்டின் நேரத்திற்குள் சிறுவன் படிக்கத் தொடங்கிவிடுகிறான். திரையில் பாட்டுக்குள் அடங்கிய அந்த உழைப்பு வகுப்பறையில் மாதங்களையும் ஆண்டுகளையும் கேட்கும்.

இரண்டாவது குறை பெரிது. அந்த உதவி முழுவதையும் ஒரே ஒருவர், வகுப்புக்கு வெளியே, தம் சொந்த நேரத்தில் செய்கிறார். அவர் ஏன் செய்கிறார்? அவரும் சிறுவயதில் அதே குறையால் துன்புற்றவர். ஏனைய ஆசிரியர்கள் இறுதிவரை கேலிச்சித்திரங்களாகவே நிற்கின்றனர். கணக்கு ஆசிரியர் தம் பாடத்தைச் சொல்லும் முறையில் ஒரு மாற்றமும் நேர்வதாகத் தெரியவில்லை. நிகும்ப் தற்காலிக ஆசிரியர். அவர் போனபின் அடுத்த ஆண்டு அதே பள்ளிக்கு இன்னோர் இஷான் வந்தால் அவனுக்கு யார்? ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 1994-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 92 நாடுகளின் அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி ஓர் அறிக்கையை வெளியிட்டன. பிள்ளை பள்ளிக்கு ஏற்றவாறு மாறவேண்டும் என்னும் பழைய எதிர்பார்ப்பைத் திருப்பி, பள்ளி பிள்ளைக்கு ஏற்றவாறு மாறவேண்டும் என்பதே அதன் சாரம். இந்த அளவுகோலால் அளந்தால், படத்தில் பள்ளி மாறவில்லை. ஒரு நல்லவர் வந்தார், ஒரு பிள்ளை கரையேறினான், அவ்வளவே.

இனி அந்தத் தாய் கேட்ட இடத்திற்கு வருவோம். படத்தின் உச்சக்கட்டம் ஓர் ஓவியப் போட்டி. பள்ளி முழுவதும் வரைகிறது. இஷான் வரைந்த படம் முதற்பரிசு பெற்று, ஆண்டுமலரின் முன்னட்டைக்குத் தேர்வாகிறது. அனைவரும் கைதட்டுகின்றனர், தந்தை கலங்குகிறார். அதற்கு முன்பே வகுப்பில் ஆசிரியர், ஐன்ஸ்டீன், லியனார்டோ டாவின்சி போன்றோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களும் எழுத்தில் தடுமாறியவர்கள் என்கிறார். (ஐன்ஸ்டீனுக்கு அத்தகைய குறை இருந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. போகட்டும்.) இவை யாவும் பார்ப்பவருக்குச் சொல்வது என்ன? இப்பிள்ளையை ஒதுக்காதீர்கள், ஏனெனில் இவன் மேதை. அந்த ‘ஏனெனில்’தான் நம்மை உறுத்துகிறது. இவன் மேதையாக இல்லாதிருந்தால்? ஓவியத்தில் அவனுக்கு இருபத்தைந்தாம் இடம் கிடைத்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்? தந்தை மதிப்பெண்ணைக்கொண்டு மகனை அளந்தார்; படம் பரிசைக்கொண்டு அளக்கிறது. அளவுகோல் மாறியிருக்கிறது, அளக்கும் பழக்கம் மாறவில்லை.

இப்படத்திற்குள்ளேயே இதற்கு மாற்றான ஒருவன் இருக்கிறான் என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தோம். இஷானின் அருகில் அமரும் ராஜன். காலில் ஊனம் உள்ளவன், ஊன்றுகோலின் துணையால் நடப்பவன், நன்றாகப் படிப்பவன், நல்ல நண்பன். அவனுக்காகப் பாட்டும் இல்லை, போட்டியும் இல்லை. அவன் அங்கே இருக்கிறான், அவ்வளவுதான். அவனுடைய காலைப்பற்றி வகுப்பில் யாரும் வியப்பதில்லை. இயக்குநர் எண்ணிச் செய்தாரோ எண்ணாமல் செய்தாரோ அறியோம். எல்லாரும் ஒன்றாக அமரும் வகுப்பறை எத்தகையது என்பதை, கைதட்டல் நிறைந்த உச்சக்காட்சியைவிட அந்த இருக்கை நன்றாகக் காட்டுகிறது. ஆயினும் ராஜனும் படிப்பில் கெட்டிக்காரனாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

நம் தமிழ்ப் படங்களுக்கு வருவோம். மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ 1990-இல் வந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தையை மையமாக வைத்து அத்துணைப் பெரிய வணிகப்படம் எடுத்தது துணிவுதான். குடியிருப்பின் பிள்ளைகள் முதலில் அவளை விரட்டுகின்றனர், பின்பு தங்களுள் ஒருத்தியாக ஏற்கின்றனர். ஏற்றபின் அவள் இறந்துபோகிறாள். அழாமல் அந்த முடிவைப் பார்த்தவர் அரியர், நாமும் அழுதோம். ஆயினும் பங்குப்பணியில் முப்பதாண்டுகளைக் கழித்தபின் அந்த முடிவு வேறுவிதமாகத் தெரிகிறது. அவள் இறந்ததனால், அவளை ஏற்றவர்களின் அன்பு காலத்தின் சோதனைக்கு உட்படவே இல்லை. ஓராண்டன்று, பதினைந்தாண்டுகள் ஒரு வகுப்பறையில் அவளுக்கு இடம் தரவேண்டிய கட்டாயம் கதைக்கு நேரவில்லை. 2013-இல் ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’ ஆட்டிசம் உள்ள சிறுவனையும் அவன் தந்தையையும் கனிவோடு காட்டியது. ஆனால் அங்கும் கதை மாரத்தான் ஓட்டத்தை நோக்கியே ஓடுகிறது. வென்றாக வேண்டும், அல்லது இறந்தாக வேண்டும். வெல்லாமலும் இறவாமலும் செவ்வாய்க்கிழமை காலையில் நான்காம் வகுப்பின் சன்னலோரம் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நம் கதைகளில் இடமில்லை. நம் பள்ளிகளிலோ அத்தகைய பிள்ளைகளே மிகுதி.

குற்றம் திரைப்படக்காரர்களுடையது மட்டுமன்று. நாம் வழங்கும் சொல்லிலேயே அது குடியிருக்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் இழிவாகத் தோன்றியதால் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் அரசு வழக்கிலும் மக்கள் வழக்கிலும் இடம்பெற்றது. நல்லெண்ணத்தில் பிறந்த சொல். நாமும் பீடத்திலிருந்து அதையே வழங்குகிறோம். ஆயினும் அச்சொல் ஒன்றை எதிர்பார்க்கிறது: ஒரு திறன் இல்லையேல் அதற்கு மாற்றாக இன்னொரு திறன் இருந்தாக வேண்டும். அதுவும் இல்லாத பிள்ளையை எச்சொல்லால் அழைப்பது? நாம் அந்தத் தாயிடம் சொன்ன தாலந்தும் இத்தகையதே. மத்தேயு நற்செய்தியின் உவமையில் தாலந்து என்பது பெருந்தொகைப் பணம். ஏறத்தாழ ஆறாயிரம் நாள்கூலி. அது பிறவித் திறமையைக் குறிக்கும் சொல்லாக ஐரோப்பிய மொழிகளில் மாறியது பிற்கால வழக்கு. குருமடத்தில் விவிலியப் பேராசிரியர் இதைப் பாடமாகவே நடத்தினார், நாமும் தேர்வில் எழுதினோம். ஒரு தாய் எதிரில் வந்து நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

அப்படியானால் விவிலியம் மட்டும் வேறு கதை சொல்கிறதா என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நற்செய்திகளில் பார்வையற்றவர் பார்வை பெறுகிறார், கால் ஊனமுற்றவர் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கிறார், காது கேளாதவருக்கு ‘எப்பத்தா’ என்ற ஒரே சொல்லில் செவி திறக்கிறது. குறை நீங்குவதே முடிவு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் ஞாயிறுதோறும் இவற்றைக் கேட்டுவிட்டு, நீங்காத குறையோடு வீடு திரும்புகிறார். ‘உன் நம்பிக்கை போதவில்லை’ என்று அவரிடம் சொல்லும் செபக்கூட்டக்காரர்களும் இருக்கின்றனர். அவர்களைப்பற்றி இங்கே எழுதினால் கட்டுரையின் மொழி கெட்டுவிடும்.

ஆனால் விவிலியத்தில் குறை நீங்காத கதைகளும் உண்டு. அவற்றின்மீது மறையுரை ஆற்றுவோர் குறைவு. எரியும் முட்செடியின் முன் மோசே தம் நாவு திக்கும் என்று முறையிடுகிறார். வாயைப் படைத்தவரே எதிரில் நிற்கிறார், நினைத்தால் அந்நொடியே நாவைத் திருத்தலாம். திருத்தவில்லை. சினம் கொள்கிறார், சினத்தினூடேயும், ஆரோன் உனக்காகப் பேசுவான் என்று ஏற்பாடு செய்கிறார். மோசே திக்குவாயராகவே பார்வோனின் முன் நின்றார். இன்றைய தேர்வறையில் மாணவர் சொல்வதை எழுதித் தர ஒருவரை அமர்த்துவதை ‘சலுகை’ என்று முணுமுணுக்கும் ஆசிரியப் பெருமக்கள், விடுதலைப் பயணம் நான்காம் அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம்.

சாமுவேல் இரண்டாம் நூலின் ஒன்பதாம் அதிகாரம் இன்னும் வியப்புக்குரியது. யோனத்தானின் மகன் மெபிபொசேத்து ஐந்து வயதில், செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து, இருகால்களும் முடமானவன். தாவீது அவனை லோதபாரிலிருந்து வரவழைத்துத் தம் பந்தியில் நாள்தோறும் அமரச் செய்கிறார். அவனால் உழ முடியாது. ஆகவே சீபாவும் அவனுடைய பதினைந்து மைந்தரும் இருபது பணியாளரும் அவனது நிலத்தை உழுது விளைச்சலைக் கொண்டுவரவேண்டும் என்று ஆணையிடுகிறார். பரிவோடு நிற்கவில்லை, ஆளையும் நியமித்தார் என்பது கவனிக்கத்தக்கது. தாவீதின் நோக்கம் கலப்பற்றது என்று நாம் சொல்லவரவில்லை. சவுலின் பேரனைக் கண்பார்வையில் வைத்திருப்பதும் அரசருக்கு நலமே. ஆனால் கதையைச் சொன்னவரின் கலையைப் பாருங்கள். நான்கு அதிகாரங்களுக்கு முன்னர், முடவரும் குருடரும் இல்லத்துக்குள் வரலாகாது என்ற வழக்கைக் குறித்த அதே ஆசிரியர், இப்போது ஒரு முடவனை அரசப் பந்தியில் அமர்த்திவிட்டு, அதிகாரத்தின் கடைசி வரியில் அவனது இருகால்களும் முடமாயிருந்தன என்று மீண்டும் ஒருமுறை சொல்லி நிறுத்துகிறார். முன்பே சொன்ன செய்திதான். மறுபடியும் சொல்லத் தேவையில்லை. பந்தியில் அமர்ந்ததால் கால் குணமாகவில்லை, குணமாகாததால் பந்தி மறுக்கப்படவுமில்லை என்பதற்காகவே சொன்னார் என்று கருதுகிறோம். அவன் எப்போரிலும் வெல்லவில்லை. யாழ் மீட்டவும் இல்லை. இயேசுவும் லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் ஒரு பெருவிருந்தைப்பற்றிச் சொல்கிறார். அங்கே ஏழைகளும் உடல் ஊனமுற்றோரும் பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் அழைத்துவரப்படுகின்றனர். வாசலில் யாரும் அவர்களைக் குணமாக்கவில்லை. அப்படியே வந்து அமர்கின்றனர்; இன்னும் இடமிருக்கிறது.

இந்த இரண்டு பந்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் பள்ளிகளைப் பார்க்க அஞ்சுகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அரசின் நிதியையோ அங்கீகாரத்தையோ பெறும் கல்வி நிறுவனங்கள் யாவும் இப்பிள்ளைகளை வேற்றுமையின்றிச் சேர்த்துக்கொள்ளவும், கற்றல் குறைபாட்டை இளமையிலேயே கண்டறியவும், தனித்தனியே வேண்டும் துணையை வழங்கவும் அதன் 16-ஆம் பிரிவு வழிசெய்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை அடுத்த பிரிவில் வருகின்றன. சட்டத்தின் மொழியையும் திறனாய்வுக்கு உட்படுத்தலாம்: கல்வி நிறுவனங்கள் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வழங்குமாறு அரசு ‘செய்யும்’ என்று 16-ஆம் பிரிவு கூறவில்லை, செய்ய ‘முயலும்’ என்கிறது. ஒரு வினைச்சொல்லில் எத்தனை பிள்ளைகள் நழுவிவிழ இடமிருக்கிறது! நம்மவருக்கு இன்னொரு புகலிடமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. சிறுபான்மை உரிமை நமக்கு இன்றியமையாதது. அதற்காக வாதிட்டவர்களுள் நாமும் ஒருவர். ஆனால் நம் மதிப்பீடுகளின்படி பள்ளி நடத்தவே அந்த உரிமை. மெதுவாகக் கற்கும் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு அதை எடுத்துக்காட்டுவோமானால், தாவீதின் பந்தியில் நமக்கு எந்த இருக்கை?

பிறரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை என்பதையும் எழுதிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் தாளாளராக இருந்த ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி நூறு விழுக்காடு என்று வாயிலில் பெரிய பலகை வைத்தோம். அதற்கு முந்திய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் எழுதப் படிக்கத் தடுமாறிய மாணவன் ஒருவனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்க நாம் கையொப்பமிட்டோம். அவன் தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர். எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவனுக்கு டிஸ்லெக்சியா இருந்ததா, கண்பார்வைக் குறையா, வீட்டு வறுமையா? நாம் கேட்கவே இல்லை. நூறு விழுக்காட்டில் அவனும் ஒரு விழுக்காடு. வெளியே நிறுத்தியதால் கிடைத்த விழுக்காடு.

சிறப்புப் பள்ளிகள் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபுளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் காதுகேளாதோருக்காகத் தொடங்கிய பணி இன்றும் நிலைத்திருக்கிறது. சென்னை அடையாறில் மாண்ட்போர்ட் சகோதரர்கள் காதுகேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் ஆற்றிவரும் பணியையும் தமிழகம் அறியும். காதுகேளாத பிள்ளைக்குச் சைகைமொழி பேசும் தோழர் கூட்டமே முதற்பள்ளி. அவனை நாற்பது பேர் பேசும் வகுப்பில் தனியே உட்காரவைப்பது ஒன்றிணைத்தல் ஆகாது. சைகைமொழி அறிந்த ஆசிரியர் இல்லாமல், சாய்தளம் இல்லாமல், சேர்க்கைப் பதிவேட்டில் பெயரை மட்டும் ஏற்றிவிட்டு அனைவரையும் உள்ளடக்கிவிட்டோம் என்பது சீபாவை நியமிக்காமல் மெபிபொசேத்துக்கு நிலம் கொடுப்பதைப் போன்றது. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு பிள்ளைக்கே தருகிறது. தேர்வு பிள்ளையினுடையது, நம் வசதிக்காக நாம் செய்து தருவதன்று.

வகுப்பறையில் வேண்டுவது பெரும்பாலும் சிறு செயல்களே. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் உடனிருந்து கற்றுக்கொள்ளல், ஒரே பாடத்தை மூன்று அளவில் எழுதிவைத்தல், இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு மூலையில் ஓர் இடம், இடைவேளை மணி அடிப்பதற்கு முன்பே அவனுக்குச் சொல்லிவைத்தல். இவற்றை நமக்கு விளக்கியவர் நம் பங்குப் பள்ளியின் நான்காம் வகுப்பு ஆசிரியை. அவர் திரைப்படத்து நிகும்ப் அல்லர். அவருக்கு அந்தக் குறையும் இருந்ததில்லை, ஓவியமும் வராது. மாலையில் வீட்டுக்குப் போகும் பேருந்தைத் தவறவிட அவர் விரும்புவதுமில்லை. அது அவர் உரிமை. வகுப்பு நேரத்துக்குள்ளேயே இவற்றைச் செய்ய முடிகிறது என்கிறார், முப்பது பிள்ளைகளுக்குமேல் இல்லாதபோது.

அவருடைய வகுப்பில்தான் அந்தத் தாயின் மகன் இருக்கிறான். பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது அவர்கள் வீட்டில் சற்று நேரம் அமர்ந்தோம். பிள்ளை வாசலில் கிடந்த செருப்புகளை இணை இணையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஆகா, இவனுக்கு ஒழுங்குணர்வு இருக்கிறது என்று ஒரு கணம் எண்ணத் தொடங்கிவிட்டோம், பின்பு நிறுத்திக்கொண்டோம். அவனுக்குச் செருப்பு அடுக்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவே. தாயிடம், அன்று தாம் சொன்னது தவறு என்றோம். அவர் எதைச் சொல்கிறோம் என்று முதலில் விளங்காமல் விழித்தார். பிறகு, “அதை விடுங்க சாமி. இவனுக்குப் புதுநன்மை எப்ப?” என்று கேட்டார்.

இரண்டாண்டுகளாக நாமே ஒத்திவைத்திருந்தோம். செபங்கள் மனப்பாடமாகட்டும் என்று காத்திருந்தோம். நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்தால் போதும், முழுமையான மறையறிவு தேவையில்லை என்று புனித பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1910-இலேயே திருச்சபை வரையறுத்துவிட்டது. உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றோருக்கு அவர்தம் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. சட்டம் பள்ளிக்கு ஒன்று, பங்குக்கு வேறு என்று இருந்தால் நாம் பிழைத்திருப்போம். அச்சிறுவன் நற்கருணைப் பேழையைக் கண்டால் விரல்நீட்டி “சேசு” என்கிறான். வீட்டில் தட்டிலிருக்கும் ரொட்டியை அப்படிச் சொல்வதில்லை. தாய் அதைச் செய்துகாட்டச் சொன்னார். அவன் நம்மைப் பார்த்துவிட்டு மீண்டும் செருப்புகளிடம் போய்விட்டான்.

வருகின்ற நற்கருணைப் பெருவிழாவில் மற்றப் பிள்ளைகளோடு அவனும் வாங்குவான். ஒலிபெருக்கியின் ஓசை அவனுக்கு ஆகாது. பாடகர் குழு அன்று வலப்புறம் அமர்கிறது. எனவே இடப்புறம், இரண்டாம் வரிசை, நடைபாதையை ஒட்டிய இடம் என்று குறித்து, உபதேசியாரிடம் தாளைக் கொடுத்திருக்கிறோம்.